மூன்றாம் மாடிக்குப் போகும் அண்டா

தொமித்திலா அந்த ஆபீஸ் வாசல்படியில் கால் வைத்ததுமே அவள் மூக்கு அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது.

வாழையிலை வெந்த வாசனை. அதற்குள் பன்றிக்கறி, அரைத்த மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே ஆக்குயோ இலை. வெற்றிலைக்கு அக்காள் என்று சொல்லலாம் அந்த இலையை. அப்படி ஒரு அகலம். கிள்ளினால் சோம்பு மணக்கும். ஊரில் தமால் செய்கிறவர்களுக்கா பஞ்சம்? சோளமாவைக் கொழுப்பு விட்டுப் பிசைந்து, நடுவே கறி வைத்து, கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைக்க யாருக்குத்தான் தெரியாது? ஆனால் ஆக்குயோவைத் தணலில் ஒரு வாட்டு வாட்டிவிட்டு உள்ளே வைக்கிறவள் அந்த ஊரில் ஒருத்திதான். அந்த ஒருத்தி இப்போது கோயிலுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, தலையில் தூறல் விழ, தன் வழக்கின் விசாரணைக்கு வந்து நிற்கிறாள்.

வாசல் காவலாளி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையில் இலையை ஏந்தித் தின்றுகொண்டிருந்தார். இலையில் கட்டியிருந்த நாரைத் தொமித்திலா பார்த்தாள். இடப்பக்கம் ஒரு சுற்று, அடியில் ஒரு சொருகல். அவள் விரல் போட்ட முடிச்சு.

விடிந்தும் விடியாமலும் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் வீட்டுக்கு வந்து, ஆபீசுக்கு வேண்டும் என்று சொல்லி, ஒரு அண்டாத் தமாலை அண்டாவோடு டாக்சியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். எந்த ஆபீஸ் என்று தொமித்திலா கேட்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாள். அன்றைக்கு மெக்சிகோவில் எந்த ஆபீஸ்தான் தமால் வாங்காது? ஜனவரியில் ராஜாக்கள் திருநாளுக்கு வளையரொட்டி வெட்டும்போது யார் துண்டுக்குள் பொம்மை அகப்படுகிறதோ, அவர் தலையில் பிப்ரவரித் தமால் விழும். பாங்குக்கு ஒரு அண்டா, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று என்று அவள் வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பெருமைதான். என் கைச்சமையல் எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வலது ஜன்னலுக்குப் போனாள்.

மாநில அரசின் கோரிக்கை, மேல்முறையீட்டு அலுவலகம் என்று வாசலில் பலகை தொங்கும். அதன் ஒழுங்கு முழுவதும் தொமித்திலாவுக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். தரைத்தளத்தில் இரண்டு ஜன்னல்கள். அரசாங்கத்தால் எனக்கு நஷ்டம், ஈடு கொடு என்பவர்கள் இடது ஜன்னலுக்குப் போக வேண்டும். அரசாங்கம் போட்ட உத்தரவு தப்பு, அதை மாற்று என்பவர்கள் வலது ஜன்னலுக்கு. அங்கிருந்து மனு முதல் மாடிக்கு ஏறும். அங்கே பரிசோதனைப் பிரிவு. மனு குறைவில்லாமல் இருக்கிறதா, கெடு தாண்டிவிட்டதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் மாடி விசாரணைப் பிரிவு. சாட்சி தேடுவதும் அறிவிப்பு கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள் வேலை. மூன்றாம் மாடியில், நடைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றிலும் மூன்று நடுவர்கள். முதல் அமர்வு கோரிக்கைகளுக்கு, இரண்டாம் அமர்வு மேல்முறையீடுகளுக்கு.

தொமித்திலாவின் மனு மழைக்காலத்தில் வலது ஜன்னலுக்குள் நுழைந்தது. முதல் மாடியில் படுத்து, இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, காப்பிப்பழம் பறித்து முடிகிற சமயத்தில்தான் மூன்றாம் மாடியைத் தொட்டது. அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில், பாதாம் மரத்தடியில், ஒரு அடுப்பும் ஒரு முக்காலியும் போடுகிற இடம். பிள்ளைகளை வளர்த்த இடம் அது. அவளிடம் தின்றவர் ஒருவர் மயங்கி விழுந்தார் என்று யாரோ புகார் கொடுக்க, நகராட்சி அந்த இடத்தைப் பறித்துவிட்டது. நாளைக் காலை அந்த இடத்துக்குச் சீட்டுக் குலுக்கல். யார் பெயர் வருகிறதோ அவருக்கு மரத்தடி சொந்தம். அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால்தான் உண்டு. விசாரணை இன்றைக்குப் பதினோரு மணிக்கு.

வலது ஜன்னலில் எர்மிலோ இருந்தார். வழுக்கைத் தலை, காதில் சொருகிய பென்சில், டோன்யா, அதாவது அம்மணி, என்று அவளை எப்போதும் இனிமையாகக் கூப்பிடும் குரல். அவர் கையிலும் பாதித் தமால்.

"டோன்யா தொமி, வாங்க, வாங்க. இத மாதிரி ஒண்ணு நான் ஜென்மத்துல தின்னதில்ல. எங்க தலைமை நடுவரம்மாவுக்குத்தான் பொம்மை வந்துச்சு. நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு அன்னிக்குச் சாயங்காலம் விசாரணையில வாயே தொறக்கல. அப்படித்தான் மாட்டிக்கிட்டாங்க."

"நல்லாருக்கா?" என்றாள் தொமித்திலா.

"நல்லாருக்காவா?"

"என் கை அது. முடிச்சப் பாருங்க."

எர்மிலோ முடிச்சைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையில் இருந்ததைப் பாம்பைப் போடுவதுபோல மேசையில் போட்டார்.

"அய்யோ டோன்யா. மேல யாருகிட்டயும் இத சொல்லி வெக்கலியே? இல்ல, இல்ல, சொல்லணும். உடனே சொல்லணும். உங்க வழக்க இன்னிக்கு விசாரிக்கப் போறது யாரு? அந்த அம்மாவோட அமர்வுதானே? கட்சிக்காரங்ககிட்ட இருந்து அவங்க ஒரு வாய் தண்ணி கூட வாங்கக் கூடாது. காசு குடுத்து வாங்கினாலும் தப்புத்தான். வாயில பட்டுச்சுன்னா வழக்க விட்டு எந்திரிச்சிடணும்."

"எந்திரிச்சா?"

"எதிர் அமர்வுல இருந்து வேற ஆள் வந்து உக்காரணும். அதுக்கு ஒரு உத்தரவு, ஒரு அறிவிப்பு, புதுசா ஒரு தேதி. உங்களுக்கு நாளைக்குக் குலுக்கல்."

தொமித்திலாவுக்குக் காதுக்குள் அண்டா கொதிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்டா இப்போது எங்கே என்று கேட்டாள். எர்மிலோ மேலே கையைக் காட்டினார்.

அந்த ஆபீசில் சாப்பாட்டுக்கும் ஒரு முறை உண்டு. ஜன்னலில் இருப்பவர்கள் ஜன்னலைவிட்டு நகர முடியாது, ஆகவே முதல் வாய் அவர்களுக்கு. பிறகு முதல் மாடி, பிறகு இரண்டாம் மாடி. நடுவர்கள் கடைசி. பாருங்கள், மனு ஏறுகிற அதே வழியில்தான் அண்டாவும் ஏறும். மனு ஏறப் பாதி வருஷம் ஆகும், அண்டா கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எர்மிலோ டெலிபோனை எடுத்துச் சுழற்றினார். மூன்றாம் மாடியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவள் அமர்வின் செயலாளர் இத்செல். அந்த மஞ்சள் மழைக்கோட்டுக்காரியேதான். அவள் அண்டாவோடு ஊர்வலம் போயிருக்கிறாள்.

"ஓடுங்க டோன்யா" என்றார் எர்மிலோ. "நான் இந்த ஜன்னல விட்டு எந்திரிச்சா என் சீட்டு போயிடும். நீங்க ஓடுங்க."

அவள் ஓடினாள். உடம்பு கனத்தவள், முழங்காலில் வலி உள்ளவள், இருந்தும் கவுனை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாழ்நாள் முழுக்கத் தின்னுங்கள் தின்னுங்கள் என்று ஊரைக் கெஞ்சியவள், இன்றைக்குத் தின்னாதீர்கள் என்று சொல்ல ஓடுகிறாள்.

முதல் மாடியில் எல்லா மேசையிலும் இலை விரிந்திருந்தது. அண்டாவைக் காணோம். பரிசோதனைப் பிரிவின் தலைவர், தொப்பையில் மாவு சிந்திய பெரிய மனிதர், விரல்களை நக்கிக்கொண்டே அவளை வரவேற்றார். அண்டா எங்கே, அதை நிறுத்த வேண்டும் என்று அவள் மூச்சுவாங்கச் சொன்னாள்.

"அண்டா இங்க குறைவில்லாம வந்து சேர்ந்துச்சு. கெடுவுக்குள்ளயும் வந்துச்சு. மேல அனுப்பிட்டோம்" என்றார் அவர். கேலிக்காகச் சொல்லவில்லை, பாவம். அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் அப்படித்தான் பேசும்.

"நிறுத்த முடியாதா அய்யா?"

"ஏத்துக்கிட்டத நிறுத்தறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. ரெண்டாம் மாடியில கேக்கணும்."

"கேக்கும்போது எனக்கு இன்னொண்ணு மிச்சம் இருக்கான்னும் கேளுங்க" என்றாள் ஜன்னலோரத்துத் தட்டச்சுக்காரி.

தொமித்திலா பதில் சொல்ல நிற்கவில்லை. தன் மனு இந்த மேசைகளில் எத்தனை காலம் தூங்கியது என்று நினைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு நிமிஷம் இந்த அண்டாவும் தூங்கியிருக்கக் கூடாதா?

இரண்டாம் மாடிப் படி திரும்பும் இடத்தில் அண்டா கண்ணில் பட்டது. அவளுடைய அண்டாதான், கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. மஞ்சள் மழைக்கோட்டு அதை லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பழைய கூண்டு லிஃப்ட். ஒரு ஆளும் ஒரு அண்டாவும்தான் கொள்ளும். தொமித்திலா கை நீட்டிக் கூப்பிடுவதற்குள் கம்பிக்கதவு சாத்திக்கொண்டது. கூண்டு முனகிக்கொண்டே மேலே போயிற்று.

"யாரு அது, டோன்யா தொமித்திலாவா? உங்க நாய் இன்னும் உயிரோட இருக்கா?"

கேட்டவள் கிரிசெல்தா. அறிவிப்பு கொண்டுபோகிறவள், வீடு வீடாகப் போய், ஆளைத் தேடிப் பிடித்து, எதிரே நிறுத்திக் காகிதத்தை உரக்கப் படித்துக் கொடுப்பவள். எலும்பும் தோலுமாக இருப்பாள், காலில் எப்போதும் ஓட்டக்காரச் செருப்பு. இந்த விசாரணைக்கான அறிவிப்பைத் தொமித்திலா வீட்டுக்குக் கொண்டுவந்து, நாய் துரத்த, வேலி மேல் ஏறி நின்று படித்துக் கொடுத்துவிட்டுப் போனவளும் இவள்தான்.

தொமித்திலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைக் கொட்டினாள். பாதி வார்த்தைதான் வந்தது, ஆனாலும் கிரிசெல்தாவுக்குப் புரிந்துவிட்டது. கடைசிக் கவளத்தை விழுங்கினாள்.

"ஓடறவனப் புடிச்சு நிறுத்தறதுதானே என் பொழப்பு. நீங்க மெல்ல வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனாள்.

மெல்லப் போகிற நேரமா அது? தொமித்திலா கைப்பிடிச் சுவரைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏறினாள். பக்கத்துக் கூண்டில் லிஃப்ட் அவளோடு போட்டி போட்டுக்கொண்டு முனகியது. ஒரு சமயம் அவள் தலையும் அண்டாவும் ஒரே உயரத்தில் இருந்தன. கம்பிகளுக்குள் இத்செல் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கூடக் கேட்டது. கூப்பிட மூச்சு இல்லை. அண்டா அவளைத் தாண்டி மேலே போயிற்று.

லிஃப்ட் திறப்பது முதல் அமர்வின் பக்கம். கிரிசெல்தா அங்கே பாய்ந்தபோது மூன்று நடுவர்கள் கதவருகிலேயே காத்து நின்று வாங்கி, அங்கேயே பிரித்து, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவளுக்கும் ஒன்றை நீட்டினார். போச்சு. மாற்று நடுவராக யாராவது வர வேண்டும் என்றால் அந்த மூன்று பேரில் ஒருவர்தான் வர வேண்டும். இனி இரண்டாம் அமர்வில் ஒரு வாய் திறந்து மூடினாலும் தொமித்திலாவுக்கு இந்தக் கட்டடத்தில் நடுவரே இல்லை.

அண்டா நடையைக் கடந்து எதிர் அறைக்குள் போய்விட்டிருந்தது.

தலைமை நடுவர் ஒத்திலியா நெட்டையான அம்மாள். வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார். அவர் மேசை மேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு அந்த வளையரொட்டிப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் தமால் போட்டாயிற்று என்ற நிம்மதியில் அவர் இலையைப் பிரித்து, முதல் துண்டை விரலால் எடுத்து, வாய்க்கு நேரே கொண்டுபோயிருந்தார். பக்கத்தில் மற்ற இரண்டு நடுவர்களும் தலைவி முதலில் வாய் வைக்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தார்கள்.

"இரண்டாம் அமர்வுக்கு அறிவிப்பு!" என்று கிரிசெல்தா வாசலில் நின்று முழங்கினாள்.

அந்த ஆபீசில் அந்தக் குரலுக்கு ஒரு சக்தி உண்டு. அறிவிப்பு என்ற சொல் காதில் விழுந்தால் எவ்வளவு பெரியவரானாலும் கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். ஒத்திலியாவின் விரல் உதட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது.

"எங்க தாள்?" என்றார்.

"தாள் இல்ல நடுவரம்மா. ஆள் வருது. படியில இருக்கு."

தொமித்திலா வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, மூச்சில் இருந்த இடமோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் வெளியே வந்தது இதுதான்:

"சாப்பிடாதீங்க! நான் பண்ணினது!"

நடையில் ஒரு பெட்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

விசாரணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நகராட்சி வக்கீல் லிசாந்த்ரோவின் பெட்டி அது. இளவயது, புதுச் சட்டை. தொமித்திலாவின் மேல் இருக்கிற புகாரை அவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவளை அவருக்கு முகம் தெரியும், புகாரும் தெரியும். அவள் ஓடிவந்து தான் செய்த தமாலைத் தின்னாதே என்று கத்துவதைக் காதால் கேட்டுவிட்டார். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கீழ ரெண்டு தின்னுட்டேனே" என்றார்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. படியேறும்போதே என்னவோ மாதிரி இருந்தது என்றார். நாக்கு வறள்கிறது, இடப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது, கண் இருட்டுகிறது. அவரைப் பார்த்ததும் முதல் அமர்வின் பெரியவர் ஒருவர் மென்றதைக் கைக்குட்டையில் துப்பிவிட்டுத் தனக்கும் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னார். யாரோ ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடச் சொன்னார்கள். இத்செல் அண்டாவின் மேல் மூடியைப் போட்டு, அது எழுந்து வந்து கடித்துவிடும் என்பதுபோல அதன் மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தொமித்திலா கதவைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். மயக்கப் புகார் ஒன்றைத் துடைக்கத்தான் இத்தனை மாதம் நடந்தாள். இப்போது நீதி சொல்கிற அறையிலேயே, தன் வாயாலேயே, ஒரு புதுப் புகாரை உண்டாக்கிவிட்டாள். பாதாம் மரத்தடியில் வேறு யாரோ அடுப்பு மூட்டுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

கதவை விட்டாள். நேரே நடந்துபோய், ஒத்திலியாவின் தட்டிலிருந்து அந்தத் தமாலை எடுத்து, நின்றபடியே தின்னத் தொடங்கினாள். அவசரமாக இல்லை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் எப்படித் தின்பாளோ அப்படி. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முழுவதையும் தின்று, இலையை மடித்து வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"விஷம் இல்லம்மா" என்றாள். "என் பேர் தொமித்திலா. இன்னிக்குப் பதினோரு மணி வழக்கு என்னோடது. உங்க ஆபீஸ் பொண்ணு காலைல வந்து வாங்கிட்டுப் போச்சு. யாருக்குன்னு எனக்குத் தெரியாது, யாருகிட்ட வாங்குறோம்னு அதுக்கும் தெரியாது. நீங்க இத வாயில வெச்சா என் வழக்கக் கேக்க முடியாதுன்னு கீழ சொன்னாங்க. நாளைக்கு என் இடத்தக் குலுக்கப் போறாங்க. அதான் ஓடியாந்தேன்."

ஒத்திலியா கண்ணாடியைக் கழற்றினார். தன் விரலில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். அதைக் கவனமாகக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை மடித்து ஓரமாக வைத்தார். மற்ற இரண்டு நடுவர்களும் பெருமூச்சு விட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்கள்.

"வக்கீலய்யா" என்று நடையைப் பார்த்துக் கூப்பிட்டார். "வயிறு எப்படி இருக்கு?"

லிசாந்த்ரோ வயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதையும் எடுத்தார்.

"போயிடுச்சு" என்றார், வெட்கத்தோடு.

"கண் இருட்டினது?"

"தெளிவாத்தான் தெரியுது."

முதல் அமர்வுப் பெரியவர் சத்தம் காட்டாமல் அண்டாப் பக்கம் போய் மூடியைத் தூக்கப் பார்த்தார். இத்செல் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பதினோரு மணிக்கு விசாரணை ஆரம்பமாயிற்று. அண்டாவை வெளியே கொண்டுபோய்விட்டாலும் வாசனை போகவில்லை. பேச்சின் நடுவே எந்த நடுவரின் வயிறோ உறுமியது, யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. தலைமை நடுவர் முதலில் நடந்ததை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். மூன்று நடுவரில் ஒருவரும் ஒரு துண்டும் விழுங்கவில்லை. இருந்தாலும் நகராட்சிக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம், சொன்னால் இன்றைக்கு விசாரணை கிடையாது, எழுந்துவிடுகிறோம் என்றார்.

லிசாந்த்ரோ யோசித்தார். தொமித்திலா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆட்சேபிக்கிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மரம் போய்விடும். காலையில் அவர் கிளம்பி வந்ததே எப்படியாவது ஒரு தேதி தள்ளி வாங்கிக்கொண்டு போகத்தான். மேலிடத்தில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஆட்சேபம் இல்லை" என்றார். "தின்னது நான். நடுவர்கள் இல்ல."

பிறகு புகாரைப் படித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற ஒருவர், தொமித்திலாவிடம் தமால் வாங்கித் தின்றார், மயங்கி விழுந்தார். எதனால் மயங்கினார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. தமாலை யாரும் எடுத்துப் பரிசோதிக்கவும் இல்லை. தொமித்திலாவிடம் கேட்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக்கிடக்கிறவன் சீக்காளியா இல்லாம வேற என்னவா இருப்பான்மா? பாதிப் பேர் மயங்கறதுக்குன்னே வர்றாங்க. என்கிட்டத் தின்னுட்டு எந்திரிச்சு நடந்து போனவங்கள யாராவது எழுதி வெச்சாங்களா?"

இடது ஓரத்து நடுவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். ஒத்திலியா சிரிக்கவில்லை. லிசாந்த்ரோவிடம் திரும்பி, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த நடையில் ஒருவருக்கு இதே வியாதி வந்ததே, அதற்கு மருந்து என்னவாக இருந்தது என்று கேட்டார்.

லிசாந்த்ரோ எழுந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டுகளுக்கு நடுவில், வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டு தெரிந்தன. அம்மாவுக்கு எடுத்துவைத்தது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இது விஷம்னு நான் நின்னு வாதாடணும் நடுவரம்மா. இதத்தான் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறேன். எப்படி வாதாடறது? நகராட்சிகிட்ட வேற ஆதாரம் ஒண்ணும் இல்ல."

நடுவர்கள் மூன்று பேரும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். நெடுநேரம் ஆகவில்லை. பசி ஒரு காரணமாக இருக்கலாம். பரிசோதனை இல்லாமல், டாக்டர் வார்த்தை இல்லாமல், தொமித்திலாவைக் கூப்பிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது. இடம் அவளுடையது. அந்த இடத்துக்கு நாளைக்குக் குலுக்கல் கூடாது. இத்செல் தட்டச்சு இயந்திரம் உடையும்படி அடித்தாள். மை காய்வதற்குள் கிரிசெல்தா அதை உறையில் போட்டுச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள். மூன்று மணிக்கு நகராட்சி கதவைச் சாத்தும். சாத்துவதற்குள் அங்கே நின்று உரக்கப் படித்துக் கொடுத்தால்தான் அந்தத் தீர்ப்புக்கு உயிர்.

தொமித்திலா கீழே வலது ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை. மழை வலுத்தது. எர்மிலோ மனுக்களில் முத்திரை குத்திக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முத்திரையை மேசையில் குத்தினார். மாடிப்படியில் ஒவ்வொருவராக இறங்கிவந்து, வேலை இருக்கிறவர்கள் மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைத் தலைவர் கூட வந்துவிட்டார். டெலிபோன் அடித்தபோது எல்லோருடைய கையும் நீண்டது. எர்மிலோதான் எடுத்தார். கேட்டார். டெலிபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"குடுத்தாச்சாம். கதவ சாத்திட்டாங்களாம், ஜன்னல் வழியா படிச்சாளாம். கையெழுத்து வாங்கிட்டாளாம்."

தொமித்திலா ஜன்னலுக்குள் கையை விட்டு எர்மிலோவின் வழுக்கைத் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். பின்னால் ஒரே கைதட்டல். எர்மிலோ காலையில் போட்ட பாதித் தமாலை மேசையிலிருந்து எடுத்து, ஆறிப்போயிருந்ததைப் பொருட்படுத்தாமல், இரண்டே வாயில் முடித்தார்.

மேலேயிருந்து வந்த ஒத்திலியா படியிலேயே நின்றார். இப்போதாவது சாப்பிடலாமே அம்மா, ஆவியில் காட்டித் தருகிறேன் என்று தொமித்திலா கேட்டாள். நகராட்சி எதிர்த்து எழுதுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்தக் கெடு தீரும்வரை முடியாது என்று அந்த அம்மாள் சொன்னார். சொல்லும்போது அண்டாப் பக்கம் பார்க்காமல் சொன்னார். நடுவர்களின் பங்கு வாசல் காவலாளிக்குப் போயிற்று.

நகராட்சி எதிர்த்து எழுதவில்லை. கெடு தீர்ந்த மறுநாள் காலை, பாதாம் மரத்தடியில் புகை எழும்பியது. சிவப்புத் துணி சுற்றிய அண்டாவின் முன்னால் வரிசை, நர்சுகள், டாக்சிக்காரர்கள், கட்டுப்போட்ட கைகள். அதன் கடைசியில் மூன்று பேர் குடையோடு வந்து நின்றார்கள். தொமித்திலா பார்த்தாள், பார்க்காததுபோல இருந்துவிட்டாள். அவர்கள் முறை வரும்வரை நின்றுதான் வந்தார்கள்.

ஒத்திலியா காசைக் கொடுத்து மூன்று தமால் வாங்கிக்கொண்டார். தொமித்திலா அவற்றின் மேல் இன்னொரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். ரோஜா நிறத்தில் மாவு, உள்ளே உலர்ந்த திராட்சை.

"இது என்ன?"

"கொசுறு."

ஒத்திலியா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"எல்லாருக்கும் உண்டா, எனக்கு மட்டுமா?"

"ரெண்டுக்கு மேல வாங்கற எல்லாருக்கும் உண்டும்மா. இது கீழ ஜன்னல்லயே முடிஞ்ச விஷயம், மேல மாடிக்கெல்லாம் வராது. வாங்கிட்டு நகருங்க, பின்னால ஆள் நிக்குது."